ஆறாத சிரைப்புண்ணும் தட்டணுப் பிளாஸ்மாவும்

கணுக்கால் முட்டிக்குச் சற்று மேலே, காலின் உட்புறத்தில்தான் அது பெரும்பாலும் தொடங்கும். முதலில் மாலை நேரத்து வீக்கம்; காலையில் வடிந்துவிடும். பிறகு தோல் கறுத்து, தடித்து, அரிக்கத் தொடங்கும். சொறிந்த நகமோ, செருப்பு வாரோ, கட்டில் விளிம்போ பட்டுச் சிறு கீறல் விழும். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் பொருக்குக் கட்டி உதிர்ந்துவிடும் கீறல், இவருக்கு மாதக்கணக்கில் ஈரம் கசிந்துகொண்டே கிடக்கும். மேலை நாட்டுக் கணக்குகளின்படி நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இப்படிக் காலில் புண் வருகிறது. அத்தகைய புண்களில் 60 முதல் 80 சதவீதம் சிரைக் கோளாறால் வருபவை. நம் ஊரில் நீரிழிவும் தொழுநோயும் யானைக்காலும் தத்தம் பங்கைக் கேட்பதால் விகிதம் மாறும். சிரைப்புண்ணின் இயல்பு மட்டும் எங்கும் ஒன்றுதான்.

இந்தப் புண்ணுக்கு நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்தே மருந்து எடுக்கலாம் என்ற பேச்சு சில ஆண்டுகளாக வலுத்திருக்கிறது. பி.ஆர்.பி. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். விரித்தால், தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. முடி உதிர்வுக்கும் மூட்டு வலிக்கும் முகப்பொலிவுக்கும் பி.ஆர்.பி. என்று நகரத்துத் தெருக்களில் பலகை பார்க்காதவர்கள் குறைவு. கால்புண் அந்தப் பட்டியலில் அடக்கமான ஓர் உறுப்பினர். ஆனால் அறிவியல் வரலாற்றில் மூத்தது அதுதான். முடிக்கும் முகத்துக்கும் யாரும் நினைத்துப் பார்க்காத காலத்திலேயே ஆறாத புண்ணில் தட்டணுச் சாற்றைத் தடவிப் பார்த்துவிட்டார்கள். அந்த நாற்பதாண்டுச் சோதனைகள் உண்மையில் எதைக் காட்டுகின்றன என்பதே இங்கே கேள்வி.

முதலில் புண் ஏன் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சிகிச்சை பற்றிய சண்டைகள் எல்லாம் அங்கிருந்தே கிளைக்கின்றன. நாம் நிற்கும்போது, இதயத்திலிருந்து கணுக்கால் வரையிலான இரத்தத் தம்பத்தின் எடை முழுவதும் கால் சிரைகளின் மீது இறங்குகிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அதைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சில அடிகள் நடந்த பிறகு ஆரோக்கியமான காலில் அழுத்தம் 30க்கும் கீழே போய்விடும். வால்வு பழுதானால், அல்லது முன்பு எப்போதோ ஏற்பட்ட இரத்தக்கட்டு ஆழ்சிரையை அடைத்துவிட்டிருந்தால், நடந்தாலும் அழுத்தம் இறங்குவதில்லை. இரவு படுக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் நுண்குழல்கள் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. திரவமும் சிவப்பணுக்களும் வெளியே கசிகின்றன. சிவப்பணுக்கள் சிதைந்து விட்டுச்செல்லும் இரும்புதான் தோலைக் கறுப்பாக்குவது.

அந்த அழுத்தம் தோலைப் புண்ணாக்குவது எப்படி என்பதில் மூன்று விளக்கங்கள் அடுத்தடுத்து வந்தன. 1982இல் லண்டனில் பிரவுஸும் பர்னாண்டும், கசிந்த ஃபைப்ரினோஜன் நுண்குழல்களைச் சுற்றி உறை போலப் படிந்து ஆக்சிஜனைத் தடுக்கிறது என்றார்கள். 1988இல் கோல்ரிட்ஜ் ஸ்மித்தின் குழு, வெள்ளணுக்கள் நுண்குழல்களில் சிக்கிக்கொண்டு அழற்சிப் பொருள்களைக் கக்குவதே காரணம் என்றது. 1993இல் ஃபலாங்காவும் ஈகிள்ஸ்டீனும் வேறு கோணத்தில் வந்தார்கள். புண்ணில் வளர்ச்சிக் காரணிகளுக்குப் பஞ்சமில்லை. வெளியே கசிந்த ஃபைப்ரினும் பெரும்புரதங்களும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவை திசுவுக்குக் கிடைப்பதில்லை என்பது அவர்கள் கருத்து. மூன்றில் எதுவும் முழுக் கதை அல்ல. பி.ஆர்.பி. பற்றிப் பேசுகிறவர்கள் மூன்றாவதை மறக்கவே கூடாது. ஏனெனில் அது எழுப்பும் கேள்வி நேரானது: இருப்பதே பயன்படாத இடத்தில் இன்னும் கொண்டுவந்து ஊற்றினால் என்ன ஆகும்?

இனி மருந்தின் கதை. தட்டணுக்களை இரத்தத்தின் தனியொரு கூறாக 1882இல் அடையாளம் காட்டியவர் இத்தாலியின் தூரின் நகரத்து பிஸ்ஸோஸெரோ. இரண்டு மூன்று மைக்ரான் அளவே உள்ள, உட்கரு இல்லாத இந்தத் துணுக்குகள் உடலில் எட்டு முதல் பத்து நாள் வாழ்கின்றன. டெங்கு காலத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசப்படும் எண்ணிக்கை இதுதான்: ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. இரத்தம் உறையச் செய்வதே இவற்றின் ஒரே வேலை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1974இல் ரஸ்ஸல் ராஸ் குழுவினர், தட்டணுக்கள் வெளியிடும் ஏதோ ஒன்று செல்களைப் பெருகச் செய்கிறது என்று காட்டினார்கள். அந்த ஏதோ ஒன்றுக்குப் பிறகு பி.டி.ஜி.எஃப். என்று பெயர் வந்தது. தட்டணுவின் ஆல்ஃபா துகள்களில் அதனுடன் டி.ஜி.எஃப். பீட்டா, வி.இ.ஜி.எஃப்., இ.ஜி.எஃப். போன்ற பல வளர்ச்சிக் காரணிகள் பொதிந்திருப்பதும் தெரியவந்தது. காயம் பட்ட இடத்துக்கு முதலில் வந்து சேர்பவை தட்டணுக்கள். இரத்தத்தை நிறுத்துவதோடு ஆற்றும் வேலையையும் அவையே தொடங்கிவைக்கின்றன.

இதைச் சிகிச்சையாக மாற்றியவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்த நைட்டன். 1986இல் வெளியான அவருடைய கட்டுரையில் 49 நோயாளிகள். சராசரியாக 198 வாரம், அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், வழக்கமான சிகிச்சையில் ஆறாத புண்கள் தட்டணுச் சாறு தடவிய பிறகு சராசரியாகப் பத்தரை வாரத்தில் ஆறின என்றது அது. படித்தவர்கள் வியந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒப்பிட மற்றொரு குழு அங்கே இல்லை. அந்த நோயாளிகள் சிறப்பு மையம் ஒன்றுக்கு வந்து, அழுகிய திசு வெட்டி அகற்றப்பட்டு, ஒழுங்கான கட்டும் கவனிப்பும் பெற்றார்கள். ஆற்றியது சாறா, கவனிப்பா? 1991இல் குருப்ஸ்கியின் சிறு ஒப்பீட்டு ஆய்வு சாற்றினால் தனிப் பயன் எதையும் காணவில்லை. இதற்குள் அந்தச் சாறு ‘புரோகியூரன்’ என்ற பெயரில் விற்பனைக்கே வந்துவிட்டிருந்தது. சான்றுக்கு முன்பே சந்தை வந்து நிற்கும் வழக்கம் அன்றே தொடங்கியது.

தட்டணுவுக்குப் பதிலாக அதன் முக்கியக் காரணியை மட்டும் தனியே தயாரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த பி.டி.ஜி.எஃப். ‘பெகாப்ளெர்மின்’ என்ற களிம்பாகி, நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு 1997 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. சிரைப்புண்ணில் அதே களிம்பைச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. இரண்டும் கால் புண்தான், இரண்டும் ஆறாதவைதான். ஆனாலும் ஒன்றில் உதவியது மற்றொன்றில் உதவவில்லை. நீரிழிவுப் பாதப்புண்ணில் பி.ஆர்.பி.க்குக் கிடைத்த நல்ல முடிவுகளைச் சிரைப்புண்ணுக்கும் சேர்த்து விளம்பரம் செய்பவர்களுக்கு இந்த வரலாறு தெரிவதில்லை, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை.

சிரைப்புண்ணில் மட்டும் தட்டணுவைச் சோதித்த ஆய்வுகளில் மிக ஒழுங்கானது, இன்றைக்கும் என் மதிப்பில், 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டேசியும் உடனிருந்தவர்களும் வெளியிட்டது. 86 நோயாளிகள், குலுக்கல் முறையில் இரு குழுக்கள், ஒரு குழுவுக்குத் தட்டணுக்களை உடைத்தெடுத்த சாறு, மற்றதற்குப் போலி மருந்து, யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், இரு குழுவினருக்கும் முறையான அழுத்தக் கட்டு போடப்பட்டது. முடிவு: வேறுபாடு இல்லை. 2003இல் பிரான்சில் செனே குழுவினர் 15 பேரிடம் உறையவைத்த தட்டணுக்களைச் சோதித்தார்கள். அங்கும் துணைப்பயன் ஏதும் தெரியவில்லை. பதினைந்து பேரைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

இதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் வேறு தொனியில் பேசுகின்றன. எகிப்திலிருந்து 2018இல் வெளியான ஒன்றில் 40 நோயாளிகள். பி.ஆர்.பி. பெற்றவர்களின் புண்பரப்பு சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 14 சதவீத அளவே. நம் கோயம்புத்தூரிலிருந்து 2017இல் வந்த ஆய்வு, பி.ஆர்.பி.யின் நெருங்கிய உறவான பி.ஆர்.எஃப். பற்றியது. உறைவு தடுப்பான் எதுவும் சேர்க்காமல் இரத்தத்தைச் சுழற்றும்போது நடுவில் படியும் ஃபைப்ரின் படலம் அது. பதினைந்து சிரைப்புண் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை அந்தப் படலத்தை வைத்தார்கள். மற்றவர்களுக்கு உப்புநீர்க் கட்டு. நான்கு வாரத்தில் பரப்புக் குறைவு ஒரு பக்கம் சுமார் 85 சதவீதம், மறுபக்கம் சுமார் 43 சதவீதம். பார்த்த மாத்திரத்தில் மனம் பி.ஆர்.பி. பக்கம் சாய்ந்துவிடும்.

சற்று நிதானமாகப் பார்ப்போம். உப்புநீர்க் கட்டு மட்டும் பெற்றவர்களின் புண்ணும் நான்கு வாரத்தில் 43 சதவீதம் சுருங்கியிருக்கிறது. முதல் மூன்று நான்கு வாரங்களில் 40 சதவீதம் சுருங்கும் சிரைப்புண் பெரும்பாலும் தானாகவே முழுதும் ஆறும் பாதையில் இருக்கிறது என்பது இந்தத் துறையில் பலமுறை சரிபார்க்கப்பட்ட கணிப்பு. அப்படியானால் இரு குழுவிலும் இருந்தவை முரண்டு பிடிக்காத, ஆறக்கூடிய புண்கள். எகிப்து ஆய்வின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் புண் அங்கே ஏறத்தாழ அசையவே இல்லை. நல்ல மையங்களில் அழுத்தக் கட்டு மட்டும் போட்டாலே பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் ஆறிவிடுகிறது என்பதோடு இதை வைத்துப் பார்த்தால், ஒன்று அந்தப் புண்கள் அசாதாரணமாகக் கடினமானவை, அல்லது கட்டு சரியாக அமையவில்லை. இரண்டில் எதுவானாலும் பி.ஆர்.பி.யின் வெற்றியை அதன் பெயரில் மட்டும் எழுதிவிட முடியாது.

அழுத்தக் கட்டு பற்றி இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்த விவாதத்தில் அளவுகோல் இல்லை. ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, துத்தநாக ஆக்ஸைடு பசை தோய்த்த கட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கொண்டுவந்துவிட்டார். இன்றும் அவர் பெயரால் அது வழங்குகிறது. லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 1980களில் நான்கடுக்குக் கட்டு உருவானது: பஞ்சு, கிரேப், நெகிழ்துணி, தன்மேல் தானே ஒட்டும் துணி. இலக்கு, கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். முழங்காலை நோக்கிப் போகப் போக அது குறைய வேண்டும். வெளியிலிருந்து வரும் இந்த அழுத்தம் பழுதான வால்வின் வேலையைப் பாதியாவது செய்கிறது. கட்டு இருந்தால் கட்டு இல்லாததைவிட விரைவாக ஆறும் என்பதில் இன்று விவாதம் இல்லை. 2014இல் பிரிட்டனில் 457 பேரிடம் நடந்த ‘வீனஸ் 4’ ஆய்வு, நான்கடுக்குக் கட்டையும் இரட்டை அடுக்குக் காலுறையையும் ஒப்பிட்டது. ஆறும் காலத்தின் நடுமதிப்பு 98, 99 நாள், வேறுபாடே இல்லை. காலுறை அணிந்தவர்களுக்குப் புண் திரும்பி வருவது குறைவாகவும் இருந்தது. கட்டுப் போடப் பயிற்சி பெற்ற செவிலியர் அரிதான இடங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

அடுத்த படி, பழுதான சிரையையே சரிசெய்வது. 2004இல் வெளியான ‘எஸ்கார்’ ஆய்வில் 500 பேர். கட்டுடன் மேல்சிரை அறுவையும் செய்தபோது புண் ஆறும் வேகம் மாறவில்லை. 24 வாரத்தில் இரு பக்கமும் 65 சதவீதம். ஆனால் ஓராண்டில் மீண்டும் புண் வந்தவர்கள் கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம், அறுவையும் செய்துகொண்டவர்களில் 12 சதவீதம். 2018இல் வந்த ‘எவ்ரா’ ஆய்வு இன்னும் முன்னே சென்றது. பிரிட்டனின் 20 மையங்களில் 450 பேர். லேசர், கதிரலை வெப்பம், நுரை ஊசி போன்ற சிரைக்குள் செய்யும் சிகிச்சைகளைப் புண் ஆறும்வரை தள்ளிப்போடாமல் தொடக்கத்திலேயே செய்தார்கள். ஆறும் காலத்தின் நடுமதிப்பு 82 நாளிலிருந்து 56 நாளாகக் குறைந்தது. 24 வாரத்தில் ஆறியவர்கள் 85.6 சதவீதம், தள்ளிப்போட்டவர்களில் 76.3 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். சிரையை உடனே தொடாமல், நல்ல கட்டுடன் காத்திருந்தவர்களிலேயே நான்கில் மூன்று பேருக்கு ஆறு மாதத்துக்குள் புண் மூடிவிட்டது. பி.ஆர்.பி. தாண்டிக் காட்ட வேண்டிய உயரம் அதுதான். உப்புநீர்க் கட்டைத் தாண்டிக் காட்டுவது பெரிய காரியமில்லை.

தண்ணீர் தேங்கிய வயலில் பயிர் மஞ்சளானால் விவசாயி முதலில் வடிகால் வெட்டுவார், உரமூட்டையைப் பிறகுதான் பிரிப்பார். சிரைப்புண்ணில் அழுத்தக் கட்டும் சிரைச் சிகிச்சையும்தான் வடிகால், தட்டணு உரம். உரம் வீண் என்பது என் வாதமல்ல. வடிகால் வெட்டாத வயலில் உரத்தைச் சோதித்துவிட்டு அதன் பெருமையையோ சிறுமையையோ பேசுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆய்வுகளின் முடிவுகள் முரண்படுவதற்கு இன்னொரு காரணம், பி.ஆர்.பி. என்ற பெயரில் வழங்குவது ஒரே பொருள் அல்ல என்பது. ஒருவர் 20 மில்லி இரத்தம் எடுக்கிறார், இன்னொருவர் 60. ஒருவர் ஒருமுறை சுழற்றுகிறார். மற்றவர் முதலில் மெதுவாகச் சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரித்து, பிறகு வேகமாகச் சுழற்றித் தட்டணுக்களை அடியில் திரட்டுகிறார். வெள்ளணுக்களைச் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு, ஒதுக்குபவர்களும் உண்டு. கால்சியம் குளோரைடு சேர்த்து முன்பே தூண்டிவிடலாம். திசுவே தூண்டட்டும் என்று விட்டுவிடவும் செய்யலாம். ஒருவர் புண் விளிம்பில் ஊசியாகப் போடுவதை இன்னொருவர் கூழாக மேலே வைக்கிறார். 2009இல் டோஹன் எரன்ஃபெஸ்ட் குழுவினர் இவற்றை நான்கு வகையாகப் பிரித்து ஒழுங்குபடுத்த முயன்றார்கள். அதன் பிறகும் தங்கள் திரவத்தில் இறுதியாக எத்தனை தட்டணுக்கள் இருந்தன என்று சொல்லாத கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாய், தாடை, முக அறுவை மருத்துவர் மார்க்ஸ் 2001இல் மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம் தட்டணு என்று ஓர் அளவைச் சொன்னார். எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள், எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. எத்தனை மில்லிகிராம் கொடுத்தார்கள் என்று தெரியாத மாத்திரையைப் பற்றிய ஆய்வை எந்த இதழும் அச்சிடாது. இதற்கு மட்டும் அந்தச் சலுகை ஏனோ கிடைக்கிறது.

தூண்டப்பட்ட தட்டணு தன்னிடம் உள்ள காரணிகளில் பெரும்பகுதியை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அது விழும் இடமோ புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் நிறைந்த கசிவுநீர். நாட்பட்ட புண்ணின் கசிவில் அந்த நொதிகள் மிகுந்திருப்பதும், வளர்ச்சிக் காரணிகளையே அவை துண்டாக்குவதும் ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டவை. போதாக்குறைக்குச் சிரைப்புண்ணில் இணைப்புத் திசுவை உருவாக்கும் நாரணுக்கள் முதுமைத் தோற்றம் கொண்டவை, பி.டி.ஜி.எஃப்.ஐக் கொடுத்தாலும் மந்தமாகவே அசைகின்றன. 2000ஆம் ஆண்டின் சாறு தோற்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பி.ஆர்.எஃப். பக்கம் நம்பிக்கை வைப்பதற்கும் இதே காரணம் உதவுகிறது: ஃபைப்ரின் வலைக்குள் அடைபட்ட தட்டணுக்களும் வெள்ளணுக்களும் காரணிகளை நாள்கணக்கில் மெதுவாக விடுகின்றன. பழைய தோல்வியைக் காட்டிப் புதிய தயாரிப்பை நிராகரிப்பது நியாயமல்ல. புதிய தயாரிப்பு தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுரையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் பத்து ஆய்வுகள், மொத்தம் 442 பேர். நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு பி.ஆர்.பி. உதவக்கூடும், ஆனால் சான்றின் தரம் தாழ்ந்தது என்றது அது. சிரைப்புண்ணுக்கு உதவுகிறதா என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றது. அந்தப் பத்தில் சிரைப்புண்ணுக்கே உரியவை மூன்று. பிறகு வந்த தொகுப்பாய்வுகளில் சில சாதகமாகவே பேசுகின்றன. பத்துச் சிறு ஆய்வுகளைக் கூட்டினால் ஒரு பெரிய ஆய்வு ஆகிவிடாது. அவற்றின் குறைகளும் சேர்ந்தே கூடும். இந்தத் துறை அந்தப் பாடத்தை ஏற்கனவே படித்திருக்கிறது. புண்மீது தெளிக்கும் தோல்செல் மருந்து ஒன்று 2012இல் 228 பேர் கொண்ட இரண்டாம் கட்டச் சோதனையில் நன்றாகவே தேறியது. மூன்றாம் கட்டத்தில் தோற்றுக் கைவிடப்பட்டது. பி.ஆர்.பி.க்குச் சிரைப்புண்ணில் அந்த அளவு இரண்டாம் கட்டம்கூட இன்னும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை அரிது. ஆனால் சொந்த இரத்தம் என்பது குழாய் மாறாதவரைதான். ஒரே பிற்பகலில் பலருக்குச் சுழற்றும் இடத்தில் பெயர்ச்சீட்டு மாறினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் கைமாறும். தட்டணு குறைந்தவர்கள், இரத்தசோகை மிகுந்தவர்கள், புண்ணில் சீழ் வைத்தவர்கள் இதற்கு ஏற்றவர்கள் அல்லர். ஆண்டுக்கணக்கில் ஆறாமல் விளிம்பு தடித்துப் புடைக்கும் புண்ணில் புற்று ஒளிந்திருக்கலாம். மார்ஜோலின் புண் என்பது அதுதான். சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் அங்கே வளர்ச்சிக் காரணியை வைப்பது பொறுப்பற்ற செயல். பெகாப்ளெர்மின் களிம்புக்கும் 2008இல் புற்றுநோய் பற்றிய கடும் எச்சரிக்கை ஒட்டப்பட்டு, கூடுதல் தரவுகள் வந்த பின் 2018இல்தான் நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் புண் யாருக்கு வருகிறது என்று பார்த்தால் நிற்பவர்களுக்கு என்றுதான் சொல்லத் தோன்றும்: ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள், பரோட்டா மாஸ்டர்கள், நடத்துநர்கள், முடிதிருத்துபவர்கள், காவலர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தியது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. பலர் அதைச் சலுகையாகப் பார்த்தார்கள். சிரை அழுத்தத்தின் கணக்கு தெரிந்தவர்களுக்கு அது மருத்துவத் தடுப்பு நடவடிக்கை. ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று சொல்லிக்கொண்டே பத்து ஆண்டு தள்ளிப்போட்டு, புண் வந்த பின் மஞ்சளும் பச்சிலையும் ஆன்டிபயாடிக் பொடியும் தூவிப் பார்த்து, கடைசியில் வருபவரிடம் மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது காலில் தமனி ஓட்டம் போதுமா என்று பார்ப்பது. கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.8க்குக் கீழே இருந்தால் முழு அழுத்தக் கட்டு ஆபத்து, 0.5க்குக் கீழே இருந்தால் கட்டே கூடாது. பிறகு டாப்ளர் ஸ்கேனில் எந்த வால்வு பழுது என்று காண வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் நேரே இரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு அழைத்துச் செல்லப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சித்திரை வெயிலில் நான்கடுக்குக் கட்டோடு ஒருவரை நிற்கச் சொல்வது எளிதல்ல. வியர்வையில் கட்டு நழுவும், நாற்றம் வரும், வேலை போய்விடும் என்ற பயத்தில் மூன்றாம் நாளே அவிழ்த்துவிடுவார்கள். நல்ல காலுறை ஒரு ஜோடியின் விலை பலருக்குப் பல நாள் கூலி. பி.ஆர்.எஃப். என்பதோ சுழற்று இயந்திரம் ஒன்றும் கண்ணாடிக் குழாயும் இருந்தால் மாவட்ட மருத்துவமனையிலேயே செய்யக்கூடியது; விலையுயர்ந்த பெட்டிகள் கட்டாயமில்லை. வாரம் ஒருமுறை அதற்காக வருபவர் அதே வருகையில் கட்டும் மாற்றிக்கொள்வார். எனவே நம் நிலைமைக்கு பி.ஆர்.பி.யை ஒதுக்கித்தள்ளுவதில் எனக்கு விருப்பமில்லை. கட்டுக்கு மாற்றாக அதை விற்பதைத்தான் எதிர்க்க வேண்டும்.

யாருக்கு இது பயன்படக்கூடும் என்று ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. பத்துச் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்த, ஓராண்டுக்கு உட்பட்ட சிரைப்புண் 24 வாரத்தில் ஆறாமல் போக வாய்ப்பு 29 சதவீதம். இரண்டு எல்லையையும் தாண்டிய புண்ணுக்கு 78 சதவீதம் என்று மார்கோலிஸ் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். முதல் வகையினருக்கு பி.ஆர்.பி. தேவையில்லை, கட்டு போதும். சோதிக்க வேண்டியது இரண்டாம் வகையினரிடம்.

எப்படிச் சோதிப்பது என்பதற்கும் முன்மாதிரி கைவசம் இருக்கிறது, சிரைப்புண்ணில் இல்லாவிட்டாலும் நீரிழிவுப் பாதப்புண்ணில். 2018இல் பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் மூன்றிலும் சேர்ந்து ‘லூக்கோபேட்ச்’ என்ற தட்டணு, வெள்ளணு, ஃபைப்ரின் வில்லையைச் சோதித்தார்கள். முதல் நான்கு வாரம் எல்லோருக்கும் நல்ல வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பாதியோ அதற்கு மேலோ சுருங்கிய புண்கள் வெளியேற்றப்பட்டன. முரண்டு பிடித்த 269 பேரை மட்டும் குலுக்கலில் பிரித்தார்கள். பரப்பு எவ்வளவு சுருங்கியது என்று அளக்காமல் புண் முழுதும் மூடியதா என்று பார்த்தார்கள். பார்த்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. இருபது வாரத்தில் வில்லை பெற்றவர்களில் 34 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 22 சதவீதத்தினருக்கும் ஆறியது. எகிப்து, கோவை ஆய்வுகளின் எண்களோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு சிறியது, ஆனால் நம்பத்தக்கது.

இதே வடிவத்தைச் சிரைப்புண்ணுக்கு எடுத்து, முதல் நான்கு வாரத்தில் டாப்ளரும் 40 மில்லிமீட்டர் அழுத்தமும் இயன்றவர்களுக்குச் சிரைச் சிகிச்சையும் முடித்துவிட்டு, பிறகும் அசையாத புண்களில் பாதிக்கு வாரந்தோறும் பி.ஆர்.எஃப். வைத்து, மூடிய புண் ஓராண்டு வரை மூடியே இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வை நம் அரசு மருத்துவக் கல்லூரிகள் நாலைந்து சேர்ந்தாலே நடத்திவிடலாம். நோயாளிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. சுழற்று இயந்திரம் ஒவ்வொரு ஆய்வகத்திலும் இருக்கிறது. இல்லாதது காலுறை, அதற்கான நிதிதான் முதலில் ஒதுக்கப்பட வேண்டும்.